சாயத் தொட்டியில் கேட்ட தட்டல்

இது நிஜமாகவே நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். நம்ப முடியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாய ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் அவர் ஆபரேட்டர். எதையும் நிமிடக் கணக்கில் சொல்வதால் ‘மீட்டர்’ என்று பட்டப்பெயர். சிவப்பாக வரும் சாயநீரைத் தொட்டியில் நிரப்பி, தகடுகள் வழியாக மின்சாரம் பாய்ச்சினால் சாயம் சிதைந்து தண்ணீர் தெளியும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தகடுகளைச் சுரண்ட வேண்டும். உள்ளே தங்கும் குளோரின் வாயு ஆளையே சாய்த்துவிடும். அதனால் இருபது நிமிடம் விசிறி ஓடாமல் யாரும் இறங்கக் கூடாது.

சுரண்டுவது அவருடைய தங்கை கணவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மீட்டர்தான். மோட்டார் இரைச்சலில் குரல் கேட்காது. அதனால் வேலை முடிந்து வெளியே வந்ததும் ஸ்பேனரால் குழாயை இரண்டு முறை தட்டுவான். மீட்டர் அறைக்குள்ளிருந்து சுவிட்சைப் போடுவார். சாயநீர் பாயும், பின்னாலேயே மின்சாரமும்.

அன்று மதியம் 2.05. விசிறியைப் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

2.19.

டங்... டங்...

“அதுக்குள்ளயா? இன்னிக்கு வேணாம்னு விட்டுட்டான் போல, சோம்பேறி.”

சுவிட்சில் கை வைத்தார். அப்போதுதான் மேஜையைப் பார்த்தார்.

ஸ்பேனர் மேஜையில் இருந்தது.

டங்... டங்...

கொஞ்சம் வேகமாக.

டங்... டங்... டங்... டங்...

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினார்.

குழாய்ப் பக்கம் யாரும் இல்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

தகடுகளுக்கு நடுவே... மாப்பிள்ளை சுருண்டு கிடந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்தான். மீட்டர் அழுதேவிட்டார்.

“ஏன் மாப்ள அவசரப்பட்டு எறங்குன?”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீங்கதான மச்சான் முன்னாடி எறங்குனீங்க? வா வான்னு கையக் காட்டுனீங்க. நான் விழுந்ததும் பக்கத்துல குந்தி என் மூஞ்சியவே பாத்தீங்க. அப்புறம் ஒண்ணுமே பேசாம மேல ஏறிப் போயிட்டீங்க.”

2.05லிருந்து 2.19 வரை மீட்டர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. யாரிடம் சொல்லி என்ன?

தங்கை இன்றுவரை அவருக்குக் கதவைத் திறப்பதில்லை.