அறிவிப்பாளரின் கீழ்ப் பல்செட்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. ஓட்டுநர்களும் நடத்துனர்களும் அவரை ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பயணிகளுக்கு அறிவிப்பு செய்கிற தோரணையில்தான் கேட்பார் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஐம்பதைத் தாண்டியதும் ஈறு நோய் வந்து, பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. மேலும் கீழும் முழுப் பல்செட் கட்டிக்கொண்டார். மேல்செட் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்டது. கீழ்செட்தான் தறுதலை. நாக்கு போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். ஒட்டுவதற்குப் பசை தடவிப் பார்த்தார், மதியம்வரை தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு ‘ச’ வருகிற ஊர்ப்பெயர்களை அவசரமாக விழுங்கிவிடுவார். அந்த ஊர்க்காரர்கள் வண்டியைக் கோட்டைவிட்டுவிட்டு, அவருடைய அறை ஜன்னலில் வந்து சண்டை பிடிப்பார்கள்.

விடுமுறைக் கூட்டம் அலைமோதிய ஒரு நாள், “சிறப்புப் பேருந்து” என்று உற்சாகமாக ஆரம்பித்தார். கீழ்செட் துள்ளி வெளியே வந்து, மைக்கில் மோதி, மேசைமேல் விழுந்தது. ‘டொக்’ என்ற சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மைக்கை அணைக்காமலே அவர் பொக்கை வாயால் “அய்யய்யோ, பல்லு” என்றதும் எல்லா நடைமேடைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு நடத்துனர் ஜன்னலில் தலையை நீட்டி, பல் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று பணிவாக விசாரித்தார்.

மறுநாளிலிருந்து தொண்டை சரியில்லை என்று விடுப்பு. வீட்டிலும் அதே தொண்டைக் கதைதான். ஆனால் இந்த மாதிரிச் செய்திக்குப் பேருந்து தேவையில்லை. அவருக்கு முன்னாலேயே அது வீடு வந்து சேர்ந்திருந்தது. வெளியூரிலிருந்த மகள் கிளம்பி வந்து, அப்பாவைப் பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அம்மாவும் கூடவே கிளம்பினாள்.

மருத்துவர் நிதானமாகப் பேசுகிற பெண். கீழ்த்தாடை எலும்பில் சின்னத் திருகு மாதிரி இரண்டு இம்ப்ளாண்ட் பதிப்போம், எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் ஆகும், பிறகு சட்டையில் பிரஸ் பட்டன் போடுகிற மாதிரிப் பல்செட் அதன்மேல் மாட்டிக்கொள்ளும் என்று விளக்கினார். எலும்பில் துளை என்றதும் சவுண்டுக்குச் சவுண்டே வரவில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

“உக்காருங்க. தலையிலதான் எதுவும் இறங்க மாட்டேங்குது, தாடையிலயாவது இறங்கட்டும்” என்றாள் மனைவி.

இறங்கியது. வீக்கமும் தையலும் ஆறும்வரை கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்குமாக ஓட்டினார். அதன் பிறகும் எலும்பு பிடிக்கும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகப் புதுச் செட்டை மாட்டிய அன்று ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாக்கால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அந்த நாற்காலியிலேயே சாய்ந்தபடி, ‘ச’ வருகிற ஊர்களுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் வண்டி அறிவித்தார். வெளியே வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டாராம்.

சில வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் நிறையக் கேட்டார். மெல்ல முடிகிறதா, பேச்சு தெளிவா, நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிக்கிறாரா. எல்லாவற்றுக்கும் கம்பீரமாகத் தலையாட்டினார். வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா என்றதும் தலை நின்றுவிட்டது.

மனைவிதான் பதில் சொன்னாள். “வருஷக்கணக்கா அடுப்படியில சுவரப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடுறாரு, டாக்டர். இப்பவும் அப்படித்தான். என் சமையல் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “சமையலா? மெல்லும்போது செட்டு ஆடும், விரலால தள்ளிக்கணும். அத நீ பாக்கக் கூடாதுன்னுதான் அங்க போனேன். அதுவே பழகிப்போச்சு.”

“ராத்திரியெல்லாம் தலைமாட்டுக் கிண்ணத்துல கிடந்து என்னைப் பாத்துச் சிரிக்குது. அதுல நான் பாக்காதது என்ன இருக்கு?”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முகத்தை மறைத்துக்கொண்டார். சவுண்டு மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவு தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் வறுத்த வேர்க்கடலையைக் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். நிதானமாக மென்றார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அடுத்த முறை மருத்துவர், புதுச் செட்டுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார். ஒன்பது என்றார் அவர். சின்ன விதைகள் அடியில் புகுந்துகொள்கின்றன, தூங்கும் முன் கழற்றிக் கழுவ அலுப்பாக இருக்கிறது, அதற்கு ஒன்று கழித்தாராம்.

“எனக்கு ஆறுதான்” என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே. “பேச்சு நிக்கவே மாட்டேங்குது. நான் எழுந்து கை கழுவ மணி பத்தாகுது.”

அதற்கு ஏதாவது செய்யலாமா என்று மருத்துவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

“வேணாம் டாக்டர்” என்றாள் அவள் அவசரமாக. “அப்படியே இருக்கட்டும்.”