கண் பிதுங்கிய செப்பிலி

என் தம்பி யாகப்பனின் மனைவி இன்னாசிமேரி தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து எங்கள் அம்மாவுக்கு அவள் ‘மீன்காரன் மகள்’. இரண்டு வீட்டாரும் வேதக்காரர்கள்தான். கோயிலில் ஒரே பெஞ்சில் முழங்கால் போடுவோம், வீட்டுக்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அம்மா நேராகக் குத்துவாள். நான் டீச்சர் அல்லவா, சிரித்துக்கொண்டே குத்துவேன்.

மேரி எதிர்த்துப் பேசியதில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அவள் அப்பா சூசை தன் கையால் பிடித்த மீனை இந்த வீட்டில் சமைத்து, அவரையும் உட்காரவைத்து, நாங்கள் எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் அவர் வந்தார்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. விடிந்ததும் வந்து சேர்ந்தவர், ஒரு தெர்மாகோல் பெட்டியை மகளிடம் கொடுத்தார். “செப்பிலி, நாலு கிலோ. நாப்பது பாகம் ஆழத்துல தூண்டி போட்டேன். ஒருநா பூரா காத்துக்கெடந்து ஏத்துனது” என்றார். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த களைப்பில் அப்படியே பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். மேரி புளியைக் கரைத்து வைத்துவிட்டு, தேங்காயும் சின்ன வெங்காயமும் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தவள் நான்தான். ஐஸுக்கு நடுவில் சிவப்பு மீன். கண் இரண்டும் வெளியே பிதுங்கி நின்றன. வாய்க்குள்ளிருந்து ஏதோ பை போல ஊதிக்கொண்டு வந்திருந்தது. குடல் என்று நினைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன், வாடையே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகம். மீன் என்றால் நாற வேண்டும் என்பதுதானே எங்கள் ஊர்ப் படிப்பு.

“அம்மா, அழுகின மீனு. மருந்து வேற அடிச்சிருக்காங்க” என்றேன்.

“கொழந்தைக திங்கற ஊடு. தூக்கிப் போடுடி” என்றாள் அம்மா.

தெருவில் குப்பை வண்டி நின்றது. போட்டுவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

மேரி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். தேங்காயை உடைத்துத் துருவினாள், சீரகமும் வெங்காயமும் சேர்த்து அரைத்தாள், சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மீன் இல்லாமல் மீன்குழம்பு கொதித்தது.

மத்தியானம் அவள் அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். கரண்டி வெறும் குழம்போடு வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்க பெரியவரே. மீனு கெட்டுப்போச்சுங்க. கண்ணு பிதுங்கி, கொடலு வெளிய வந்திருச்சு” என்றேன்.

அவர் கை சோற்றில் நின்றது. “ஆழத்துல கெடக்குற மீனு... மேல ஏத்துனா அப்படித்தான் ஆகும்” என்று இலையைப் பார்த்துச் சொன்னார். பிறகு குழம்பைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். “உப்பு சரியா இருக்கு மேரி” என்றார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மறுபடி வரவில்லை. இரண்டு வருஷத்தில் இறந்துபோனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கௌரவம் தடுத்தது.

போன மாதம் மீன் கடையில் அதே மாதிரி கண் பிதுங்கிய செப்பிலி கிடந்தது. “தூண்டில் மீனுங்க டீச்சர், இதுதான் ஒசத்தி” என்றான் கடைக்காரன். வாங்கிக்கொண்டு போய் மேரி கையில் கொடுத்தேன். பதினோரு வருஷத்துப் பாவத்தை ஒரு மீனில் தீர்த்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். “நல்ல மீனு மைனி” என்றாள். பக்குவமாகச் சமைத்தாள். எல்லோருக்கும் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். கடைசியில் தன் தட்டில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“ஒரு துண்டு போட்டுக்கயேன் மேரி” என்றேன்.

“எனக்கு இதுதான் மைனி. உப்பு சரியா இருக்கா, சொல்லுங்க.”