பதினோரு சுற்று

அத்தான் இறந்த செய்தி மதியம் வந்தது. மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். வழியில் போனில் பேசியவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி?"

கம்பெனி வெடிவிபத்து இல்லை. திருத்தங்கல் பஸ் ஸ்டாப். நெஞ்சுவலி. இருபத்திரண்டு வருடம் பட்டாசு மருந்து கலந்தவர், காய்கறிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். அன்று வானம் மூட்டமாக இருந்தது. பையில் நான்கு ஸ்வீட் கார்ன் கதிர்கள்.

என் அக்கா கணவர் காளிராஜோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கதிர்கள் எதற்கென்று தெரியும். மழைக்கு மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவைத் திறந்து நீட்டும் மஃபினுக்கு. கைக்கடக்கமான சோளக் கேக்.

ஏன் சோளம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் ஊர் தாயில்பட்டி. வீட்டில் எல்லோரும் பட்டாசு வேலை. மழை பெய்தால் கம்பெனி லீவு. அன்றைக்கு மட்டும் அவருடைய அம்மா அடுப்பில் மக்காச்சோளம் சுடுவாராம்.

"சோளம் மணந்துச்சுன்னா எல்லாரும் வீட்டுல இருக்காகன்னு அர்த்தம், மாப்ள."

அதனால் அவரும் மழை நாளில்தான் செய்வார். தீபாவளி போனஸில் வாங்கிய சின்ன ஓவன். அதன் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வார். வேலையில் தீ கண்ணில் படக் கூடாது, இங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்பார். மாவு மெதுவாக எழும்பும்.

மாவு கலக்கும்போது மட்டும் சமையலறையில் யாரும் நிற்கக் கூடாது. பட்டாசு மருந்து கலக்கும் அறையின் பழக்கம். மரக்கரண்டிதான், இரும்பு உரசினால் பொறி வரும் என்பார். "தள்ளி நில்லுங்க" என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். எங்களுக்கு அவர் முதுகு மட்டும் தெரியும். நான் சிரித்திருக்கிறேன்.

"அத்தான், இது வெடிக்காது."

"வெடிக்காது. கோவிச்சுக்கும்."

ஒருமுறை அவர் இல்லாதபோது நானே செய்தேன், மெஷின் வைத்து நன்றாக அடித்து. வந்தவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். வீடு கட்டப் போகிறாயா மாப்ள, இன்னும் எத்தனை செங்கல் வேண்டும் என்று கேட்டார். ஆனால் முழுதாகத் தின்றார்.

அவர் போன பிறகு அக்கா சாப்பிடவில்லை. காபி மட்டும். கேட்டதற்குத் தலையாட்டுவாள். ஐந்து நாள் அப்படிப் போனது. ஆறாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். நான்கு கதிர்களும் இருந்தன. தோல் வாடத் தொடங்கியிருந்தது. அவர் கடைசியாக வாங்கியதையாவது அவள் வாயில் வைப்பாளோ என்னவோ. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அலமாரியில் அவர் எழுதி வைத்த டைரி கிடைத்தது. அளவுகள் எல்லாம் இருந்தன. எப்படிக் கலப்பது என்று இல்லை. அதை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு கதிரை உதிர்த்து அரைத்தேன். மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை. மரக்கரண்டியை எடுத்துச் சுற்றினேன். கட்டிகள் தெரிந்தன. இன்னும் சுற்றினேன்.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"போதும்லே."

ஆறு நாளில் அவளாகப் பேசியது அதுதான். கை நின்றுவிட்டது.

"அவுக பதினோரு சுத்துதான் சுத்துவாக. இங்கன இருந்து எண்ணிக்கிட்டே கெடப்பேன். கரண்டிச் சத்தம் நின்ன பெறகுதான் எனக்கு மூச்சு வரும்."

வெறும் சமையலறை மாவுக்கா இவ்வளவு பயம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காலையில் கம்பெனி வேன் ஏறிப் போகிறவர் அங்கே மருந்து கலப்பதை அவளால் எண்ண முடிந்ததில்லை. வீட்டில் இதையாவது எண்ணியிருக்கிறாள்.

அந்த மாவை ஒதுக்கி வைத்தேன். மீதி இரண்டு கதிரை அரைத்தேன். அக்கா எழுந்து வந்து சமையலறை வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிச் சுற்றினேன். பதினொன்று. நிறுத்தினேன். மாவு அங்கங்கே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"கட்டி கெடக்கட்டும்" என்றாள்.

ஓவனுக்கு முன்னால் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். மணம் கூடத்துக்குப் போனது. வெளியே நல்ல வெயில். அக்கா ஒருமுறை தெருக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெந்து ஆறியதும் ஒன்றைப் பிட்டு, பாதியைத் தின்றாள். இனிப்பு குறைவு என்றாள். மீதிப் பாதியையும் தின்றாள்.

மரக்கரண்டி அவளிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. எனக்கு அந்த எண்ணிக்கை போதும். பதினொன்று. பிறகு கையை எடுத்துவிட வேண்டும்.