டாரெலின் கோதுமையும் நெரிடாவின் ராத்திரி நடையும்

எங்கள் மிரன்டூவில் பிறந்து வளர்ந்தவர்களில், நெரிடா பாஸ்கோவிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அநேகமாகக் கிடையாது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கண்ணாடியில் பின்னால் பார்த்து "உக்காருடா" என்று ஒரு சொல் விட்டால் பஸ் மொத்தமும் உட்காரும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கோதுமை விதைத்து, பிள்ளை பெற்று, தலை நரைத்துப்போன பிறகும் கடைத்தெருவில் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். அவள் கேட்டு யாரும் எதையும் மறுத்ததில்லை. பாசமா பயமா என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கே பதில் தெரியாது.

புற்றுநோய் நடையை எங்கள் ஊரில் அவள்தான் ஆரம்பித்தாள். சனிக்கிழமை பொழுது சாயும்போது கால்பந்து மைதானத்தில் தொடங்கும், ஞாயிறு விடியும்வரை நடக்கும். ஓரத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம், தூங்கலாம், சாசேஜ் சுட்டுத் தின்னலாம். ஆனால் சுற்றுப்பாதையில் எந்நேரமும் ஒருவராவது நடந்துகொண்டிருக்க வேண்டும். சேரும் பணம் ஆராய்ச்சிக்குப் போகும். மற்ற ஊர்களில் நள்ளிரவுக்குப் பிறகு கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்களாம். நெரிடாவிடம் அதெல்லாம் நடக்காது. கூடாரம் கூடாரமாகக் குனிந்து, தூங்குகிறவன் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் ரெக்ஸ் எங்கள் ஊர்க் கசாப்புக்கடைக்காரன். குடலில் புற்று வந்து படுத்தபோது பகலில் ஊரே அவன் வீட்டில்தான் இருந்தது. ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்ததில் ஃப்ரிட்ஜ் கதவு மூடவில்லை. பொழுது இறங்கியதும் எல்லோரும் போய்விடுவார்கள். வலி ராத்திரியில்தான் வரும். அவனைப் பிடித்துக்கொண்டு, சன்னலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மைதானம் ஒரு நிமிஷம் காலியானாலும் அந்த அறைக்குள் திரும்பப் போய் உட்கார்ந்தது போலிருக்கும் அவளுக்கு.

அந்த வருஷம் ஒரு பிசகு நடந்துபோனது. மைதானத்தில் புதுப் புல் பதிக்கிறார்கள் என்று, வழக்கமான அக்டோபரை விட்டு நடையை நவம்பர் நடுவுக்குத் தள்ளிவிட்டாள் நெரிடா. நவம்பர் என்றால் அறுவடை. கோதுமை விளையும் ஊரில் இருந்துகொண்டு கோதுமையைக் கேட்காமல் தேதி குறித்துவிட்டாள். நடைக்கான கூட்டத்தில் இருந்த அத்தனை விவசாயிகளும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குரலை எதிர்த்து எவன் வாயைத் திறப்பான்? வெயில் தாமதமாக வரும், சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் கணக்குப் போட்டான். வெயில் முன்னாலேயே வந்தது. வடக்கிலிருந்து அனல் காற்று அடித்த அடியில் ஒரே வாரத்தில் வயலெல்லாம் முற்றிப்போயிற்று. போதாததற்கு, ஞாயிறு மத்தியானம் பெருமழை என்று வானிலைக்காரனும் சொல்லிவிட்டான்.

இருந்தும் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். முதல் சுற்று நோய் வந்தவர்களுக்கு. ஊதாப் பட்டை போட்டுக்கொண்டு அவர்கள் நடக்க, நாங்கள் ஓரமாக நின்று கை தட்டினோம். கடைசியில் வந்தான் டாரெல் ஹின்ட். மருந்தில் முடி கொட்டிய தலைக்குப் பின்னல் தொப்பி, பாதி ஆளாகிப்போன உடம்பு. மைதானத்துக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வயல், அறுக்காமல் அப்படியே நின்றது. சுற்று முடிந்ததும் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

இருட்டி வெகுநேரம் ஆகவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதை நெரிடா பார்த்தாள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசையாக. அவள் நேரே போய் வாசல் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டாள். முதலில் மாட்டியது கெல்வின், தீயணைப்புப் படைத் தலைவன். ஆறரை அடி ஆள். அதனாலேயே ஊரில் அவனுக்குப் 'பொடியன்' என்று பெயர்.

"எங்கடா கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"நெரிடா, கோவப்படாதீங்க."

"கோவமா? அத இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எறங்கு."

பொடியன் இறங்கினான். "டாரெல் கோதுமை அப்படியே நிக்குது. அறுக்க வர்றேன்னவன் மெஷின் உடைஞ்சு வேற ஊர்ல கெடக்கான். செவ்வாக்கெழமைதான் வருவானாம். அதுக்குள்ள மழை பேஞ்சா கதிருலயே முளைச்சிரும்."

"ஆள் வெச்சாச்சுன்னு என்கிட்ட சொன்னானே."

"எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னான். அவன் வாயத் தொறந்து உதவி கேட்டுட்டாலும். அவன் பொண்டாட்டி இப்பதான் அழுதுக்கிட்டே உண்மையச் சொல்லிச்சு. இன்னைக்கு ராத்திரி பனி இறங்காது, கதிர் ஈரமாகாது. பத்து மெஷின் விட்டா விடியறதுக்குள்ள முடிச்சிரலாம்."

"சரி, உன்னோடது?"

அவன் பூட்ஸைப் பார்த்தான். "பாதி நிக்குது. நிக்கட்டும்."

அந்தப் பாதி மறுநாள் மழையில் நனைந்து கோழித் தீவன விலைக்குப் போனது. அதைப் பற்றிப் பொடியன் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

நெரிடாவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பொல்லாத ஆத்திரம். வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த ஒன்றை இவர்கள் ஒரே ராத்திரியில் கலைத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் திட்ட முடியாத காரணத்துக்காக. அவள் கேட்டை விட்டு விலகினாள்.

"அந்த சாசேஜ் பெட்டியத் தூக்கி வண்டியில போடு. வெறும் வயித்தோட ராத்திரி பூரா மெஷின் ஓட்டுவானுங்களாம்."

"டாரெலுக்குத் தெரிஞ்சா வந்து மறிப்பான். நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

பிறகு அவளே கூடாரங்களுக்குள் போனாள். வண்டி ஓட்டத் தெரிந்தவர்களைக் கால் கட்டைவிரலைப் பிடித்து எழுப்பினாள். இந்தத் தடவை மைதானத்தை விட்டு அனுப்புவதற்கு. மிஞ்சியவர்கள் பிள்ளைகளும், அதிகம் நடக்க முடியாத வயசாளிகளும்தான். அவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசியில் பாதையில் நெரிடா மட்டும்தான் இருந்தாள், மாற்று மூட்டு வைக்கச் சொல்லி டாக்டர் திட்டிக்கொண்டிருக்கும் முழங்காலோடு.

எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மெஷின் விளக்குகள் வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. தூசி மேகமாக எழுந்து அந்த வெளிச்சத்தில் மஞ்சளாக நின்றது. இன்னொரு சுற்று முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோன நேரத்தில், எதிரே பின்னல் தொப்பி தெரிந்தது.

"என் வயல்ல யாரு?" என்றான் டாரெல்.

"யாரா இருந்தா உனக்கென்ன?"

"விளையாடாதீங்க நெரிடா. அவனவன் கோதுமை நிக்குது. நாளைக்கு மழை. நான் போய் திருப்பி அனுப்பறேன்." அவன் கேட்டைப் பார்த்தான். "பிச்சை எடுத்து அறுக்கற நெலமை எனக்கு இன்னும் வரல."

"உக்காருடா" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை.

"ரெக்ஸ் படுத்துக் கெடந்தப்ப ராத்திரில யாருமே வரலன்னு இந்த ஊர் மேல எனக்கு ரொம்ப நாள் கோவம்" என்றாள். "கேட்டுல நின்னப்ப இந்தப் பொடியன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு போன் போட்டிருந்தா அன்னைக்கும் இவன் செருப்புகூட போடாம ஓடி வந்திருப்பான். நான் போடலியே, டாரெல். ஒரு ராத்திரிகூட போடல. 'நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீங்க போங்க'ன்னு நான்தான் கதவச் சாத்தினேன். ரெக்ஸும் அந்த இருட்டுல என்னோட தனியாவே கெடந்தான்."

டாரெல் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்கு முழங்கால் போச்சு. பாதையில ஆள் இல்ல. நீ அங்க போய் அவங்களத் தடுக்கப் போறியா, இங்க நடக்கப் போறியா, நீயே பாத்துக்க."

அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் நடை ராத்திரியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டாரெல் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கேட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தபோது, போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாள். அப்புறம் அவன் பாதைப் பக்கம் திரும்பினான்.

மெதுவாகத்தான் போனான். தன் வயலுக்கு நேரே வந்ததும் வேலிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினான். விளக்குகளைப் பார்த்தான். மறுபடி நடந்தான். முதல் சுற்று முடிந்து பெஞ்சைத் தாண்டும்போது முகம் வெளுத்திருந்தது; அவளைத் திரும்பிப் பார்க்காமலே போனான். உதவி கேட்பவன் இல்லை என்று தெரிந்ததால் நெரிடாவும் எழுந்திருக்கவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது சுற்றில் வேலி அருகே நின்றவன் நின்றபடியே இருந்தான். நெடுநேரம் நின்றான். பிறகு மைதானம் தாண்டி அவன் குரல் வந்தது, பெரிதாகக்கூட இல்லை.

"நெரிடா, கொஞ்சம் வாங்க. என்னால தனியா முடியல."

அவள் முழங்காலை மறந்து ஓடினாள்.