பெரட்டு என்ற மாயாண்டி

போன செவ்வாய்க்கிழமை, பதுளை நூலகத்தின் பழம்பொருள் பிரிவுக்குக் கொடுக்கக் கொண்டுபோன தகரப் பெட்டியை மேசை மேல் திறந்ததும் முதலில் கிளம்பியது பூச்சி உருண்டை வாடைதான். பன்னிரண்டு உருண்டை போட்டிருந்தேன், ஒன்பதுதான் மிச்சம். மற்ற மூன்றையும் நான் தேடிக்கொண்டிருக்க, நூலகப் பெண் பொருள்களை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"ஆறு, சேர்."

"ஏழு, மகள். காலுறை ரெண்டு."

"ஜோடின்னா ஒண்ணுதானே சேர்?"

ஒன்று தொலைந்தால் அரை என்று எழுதுவாளா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். காலுறை, பித்தளைக் குவளை, சாப்பாட்டு டப்பா, ஊசிநூல் பை, ஒட்டகத்தோடு ஒரு புகைப்படம், படையிலிருந்து விடுவித்த சீட்டு. சீட்டை வாசித்தாள்.

"பேரு பெரட்டு. அப்படியே எழுதட்டுமா?"

"எழுதாதே. அவர் பேர் மாயாண்டி."

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டத்துக்குத்தான் பெரட்டு என்று பெயர். மடுல்சீமைப் பக்கம் நான் இளம் கிளாக்கராக இருந்தபோது, அந்தக் கூட்டத்தில் குதிகாலை ஒட்டி நிமிர்ந்து நின்றவர் மாயாண்டி ஒருவர்தான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த வெள்ளைக்காரர் பெயரைக் கேட்டிருக்கிறார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதாக நினைத்து, "பெரட்டுல இருந்து வாரேன் தொரே" என்றிருக்கிறார் இவர். எகிப்தில் நான்கு வருடம் அதுதான் அவர் பெயர்.

ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்று பதிவது தோட்ட வழக்கம். கங்காணி விடுவாரா?

"எல்லாருக்கும் நாளைக்கு ஒரு பேரு. ஒனக்கு மட்டும் ரெண்டு பேராய்யா?"

நானும் சிரித்திருக்கிறேன்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், மாயாண்டிக்கும் பயணப் பத்திரம் வந்தது. அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அங்க யாரும் என்னையப் பட்டாளத்தான்னு நம்பமாட்டாங்க."

தோட்டத்துத் தொரையைக் கேட்காமல் எழுதியது தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு. "நாளைக்கு வாங்க" என்றேன். ஆறு முறை சொன்னேன். ஏழாம் முறை அவர் கடிதம் கேட்கவில்லை, பெட்டியை நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க. வேற பேரு போட்ட சாமான கொண்டுபோனா, திருடிட்டு வந்தேம்பாங்க."

இவ்வளவையும் கேட்டபின் நூலகப் பெண் சொன்னாள்: சீட்டில் இல்லாத பெயரைப் பதிய, அவரை அறிந்த இருவர் கையெழுத்து வேண்டும். என்னுடையதைப் போட்டேன். அடுத்ததற்காக வியாழக்கிழமை பசறை வழியாக மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன். வளைவுகளை எழுபது வரை எண்ணினேன். பிறகு தலை சுற்றியது. ஆள் எண்ணிய களத்தில் இப்போது முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அறை அறையாகக் கேட்டேன். ஓர் அம்மா மட்டும் யோசித்தார்.

"பட்டாளத்து மாயாண்டியா? எங்க மாமியார் சொல்லுவாங்க. அவங்க தவறிப்போயி மூணு வருஷமாச்சுங்களே. இப்பத்தான் வாரீங்களா?"

வெறுங்கையோடு நூலகத்துக்குத் திரும்பினேன். சீட்டிலிருந்த பெயரை அவள் பேனாவால் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கீழ பென்சிலால எழுதி வைக்கிறேன் சேர். இன்னொருத்தர் வந்து கையெழுத்து வச்சா, பேனாவால எழுதலாம்."

அப்படி வர இனி யாரும் மிச்சமில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாயாண்டி என்ற நான்கு எழுத்தையும் பென்சிலை அழுத்தி அழுத்தியே எழுதினாள்.