சைபர் மேடம்

என் மனைவிக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் சைபர் மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஒருநாள் அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். வாசல் காவலாளி உள்ளே பார்த்து, "சைபர் மேடத்தோட வீட்டுக்காரர் வந்திருக்காரு" என்று குரல் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. 

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. மலையில் அங்கங்கே மழைமானிகள் நட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெய்தது என்று அவை தாமாகவே செய்தி அனுப்பும். அந்த எண்களைக் கணினியில் இருக்கும் மாடலுக்குக் கொடுத்தால், மண் குடித்தது போக மிச்சம் எவ்வளவு, அது எந்த ஓடை வழியாக இறங்கி எப்போது எங்கள் பாலத்துக்கு வந்து சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். கல்யாணமான புதிதில், "நாள் முழுக்க மாடலோடதான் இருப்பேன்" என்று அவள் சொன்னபோது நான் வேறு என்னவோ கற்பனை செய்துகொண்டேன். போய்ப் பார்த்தால் ஒழுகும் ஏசி, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குப் பக்கத்தில் ஒரு திரை, திரையில் ஏறி இறங்கும் ஒரு நீலக் கோடு. ஊருக்கே வெள்ளம் சொல்கிற அறையில் ஒழுகலை அடைக்க ஆளில்லை.

மழைமானி என்பது ஒரு கருவிதானே. குளவி கூடு கட்டும், சருகு அடைக்கும், பேட்டரி செத்துப்போகும். அப்போது செய்தி வராது. அட்டவணையில் அந்த இடம் காலியாக நிற்கும். அவளுடைய இயக்குநருக்கு அது ஆகாது. மேலிடத்துக்குப் போகிற காகிதம் பொக்கை வாயோடு போகக் கூடாது என்பார். காலி இடத்தில் எல்லாம் பூஜ்யம் போடச் சொல்லி உத்தரவு. பூஜ்யத்தைப் பார்த்தால் மாடல் என்ன செய்யும்? மலையில் சொட்டு மழையில்லை என்று நம்பிவிடும். மேலே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஆறு இறங்கப்போகிறது என்று சாதிக்கும்.

"காலின்னா தெரியாதுன்னு அர்த்தம் சார். பூஜ்யம்னா மழையே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?" என்று கூட்டத்தில் கேட்டாள். எழுதிக் கொடுத்தாள். கரடியாய்க் கத்தினாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பூஜ்யத்தோடு மல்லுக்கட்டியதில் கடைசியில் மிஞ்சியது சைபர் என்ற அந்தப் பட்டப்பெயர்தான். வீட்டிலும் இதே பாட்டு. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள். டப்பாவைத் திறந்து பார்க்கிற வரைக்கும் "தெரியல" தான்.

நானும் அண்ணனும் கீழ்த்தெருவில் சலவைக் கடை வைத்திருக்கிறோம். தெரு சரிந்து இறங்கி ஆற்றுச் சுவரில் போய் முட்டும். முட்டுகிற இடத்தில் கடை. அண்ணன் இத்தனை வருடம் உழைத்ததெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும் துவைக்கிற மெஷின்களாக ஆகியிருந்தது. அவை போனால் எங்கள் பிழைப்பும் போச்சு. போன வருடம் அவள் சொன்னாள் என்று பலகை போட்டு, கயிறு கட்டி, ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினோம். ஆறு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். டாக்டர் ஒரு பெல்ட் கொடுத்தார். அதன் பிறகு என் மனைவியைக் கண்டாலே அவர் கை தானாக இடுப்புக்குப் போகும்.

இந்த வருடம் மழை வலுத்த ஒரு காலையில் மலை உச்சி மானியிடமிருந்து செய்தி நின்றுபோனது. கீழ்த்தெருப் பக்கம் வரும் ஆற்றுத் தண்ணீரில் பாதி அந்தச் சரிவிலிருந்துதான் வரும், மற்ற தெருக்களுக்கு வருவது வேறு ஓடைத் தண்ணீர். அட்டவணையில் வழக்கம்போல் பூஜ்யம் விழுந்தது, மாடலில் கோடு இறங்கியது. அவள் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டு, பக்கத்து மானியில் பெய்த மழை உச்சியிலும் பெய்ததாக வைத்துப் பார்த்தாள். கோடு ஆற்றுச் சுவருக்கு மேலே ஏறியது. இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"கீழ்த்தெருவுக்கு எச்சரிக்கை கொடுங்க சார்."

"போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டுக் கொடுத்துட்டு ஊரே சிரிச்சுது. இப்போ பக்கத்து மானி மழையை இரவல் வாங்கி எச்சரிக்கை விடணுமா?"

"அப்போ பூஜ்யத்தையாவது எடுங்க. ஆறு ஏறாதுன்னு மட்டும் அனுப்பிடாதீங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாராம். "சரி, இத்தனை வருஷமா இதைத்தானே கேட்டீங்க. கீழ்த்தெருவுக்கு நேரே காலியாவே விட்டுடறேன். போதுமா?"

எல்லாருடைய போனுக்கும் தினமும் போகிற நீர்மட்ட அறிக்கையில், கீழ்த்தெருவுக்கு நேரே முதல்முறையாக ஒன்றுமே இல்லை. அவள் எனக்கு போன் போட்டபோது குரலில் ஒரு வெற்றி இருந்தது. "காலியா விட்டுட்டாங்க. நீங்க உடனே மெஷினை மேல ஏத்துங்க."

அண்ணன் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "என்னடா சொல்றா உன் பொண்டாட்டி? சந்தைத் தெருவுக்கு முழங்கால் தண்ணின்னு போட்டிருக்கான். ஏரிக்கரைக்குப் போட்டிருக்கான். நமக்கு ஒண்ணும் போடல. ஒண்ணும் போடலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே?"

"காலின்னா தெரியாதுன்னு அர்த்தம்ணே."

"இது எந்த ஊர் நியாயம்? போனைக் குடு." வாங்கி அவளிடமே கேட்டார். "நீயே சொல்லும்மா. தண்ணி வருமா, வராதா?"

"வரலாம் மாமா."

"இந்த லாம் எல்லாம் வேணாம். வருமா?"

"தெரியல மாமா. அதனாலதான் ஏத்தச் சொல்றேன்."

அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு இடுப்பைத் தடவினார். எதிர்க் கடைத் தச்சரும், "நமக்குக் காலியா விட்டிருக்கான், தப்பிச்சோம்" என்று சொல்லிவிட்டு மரம் இழைக்கப் போய்விட்டார். தெருவில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா? எரிச்சலில், வாடிக்கையாளர் துணி மூட்டைகளை மட்டும் மாடிக்குச் சுமந்தேன்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. முதலில் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது, அப்புறம் சுவரைத் தாண்டி வந்தது. ஆட்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டோம். மெஷின்கள்தான் நின்ற இடத்திலேயே முழுகின. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ஒவ்வொரு வட்டக் கண்ணாடிக்கு உள்ளேயும் சேறு நிரம்பி நின்றது.

அவள் முழங்கால் சேற்றில் நடந்து கடைக்கு வந்தாள். அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா, உங்களுக்குத் தெரியாதுன்னா, தெரியாதுன்னே எழுதியிருக்கலாமேம்மா. காலியா விட்டா நாங்க என்னன்னு நினைப்போம்?"

 எத்தனை வருடமாக அவள் அந்தக் காலி இடத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். அதைப் படிக்கப்போகிறவன் அவள் அலுவலகத்து ஆள் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு இயக்குநர் மேல் கோபம், அண்ணன் மேல் கோபம், அன்றைக்கு அவள் மேலும் கோபம். ஒருவரிடமும் காட்ட முடியாமல் சேற்றை வாரிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் இயக்குநரிடம் போய், செய்தி வராத நாளில் 'தெரியாது' என்றே அச்சடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

"கவர்மெண்ட் ஆபீஸ் தெரியாதுன்னு எழுதுமா? அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்னு கேக்க மாட்டாங்களா? உங்க காலியாலதான் இவ்வளவு வினையும். இனிமே பழையபடி பூஜ்யமே போடுங்க."

பழைய குருடி, கதவைத் திறடி. வீட்டுக்கு வந்து பையை மூலையில் எறிந்தாள். வேலையை விடப்போகிறேன் என்றாள். நானும் விடு என்றேன். காலையில் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். "நான் போகலைன்னா எது உண்மையான பூஜ்யம்னு யாரு பாக்கிறது?" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள்.

அடுத்த மழை வந்தபோது கடையில் யாரோ கழித்துக் கட்டிய பழைய மெஷின்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. அன்றைய அறிக்கையில் கீழ்த்தெருவுக்கு நேரே அழகாக ஒரு பூஜ்யம். தச்சர் அதைப் பார்த்துவிட்டு மரம் இழைக்கப் போனார். அண்ணன் மட்டும் என் போனை வாங்கி அவளைக் கூப்பிட்டார்.

"இது எந்தப் பூஜ்யம்மா? தண்ணி வராத பூஜ்யமா, தெரியாத பூஜ்யமா?"

"உச்சியிலேர்ந்து இன்னும் செய்தி வரல மாமா. தெரியல."

அண்ணன் போனை வைத்தார். எதிர்க் கடையைப் பார்த்துத் தச்சரை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பிறகு இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "டேய், வந்து ஒரு பக்கம் பிடி" என்றார்.