அழிக்காத கோடு

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்துமூன்று வருடம் தரம் பார்த்தே தலை நரைத்தவர் தட்சிணாமூர்த்தி. ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வேளையில், கோவில்பதாகைக் கால்வாய் ஓரமாக வீடு தேடினார். அங்கேதான் விலை அவர் கைக்கு எட்டியது.

பதினோரு வீடு பார்த்தாயிற்று. அத்தனையிலும் சுவரில் இடுப்பளவுக்குப் புதுப் பெயின்ட் மினுங்கியது. "மழைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டால், "சொட்டுகூட வராது சார்" என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பன்னிரண்டாவது வீட்டுக்காரி பஞ்சவர்ணம். அவள் கூடத்துச் சுவரில் இடுப்புயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. பிளக் பாயின்ட் எல்லாம் அதற்கு மேலே, நெஞ்சளவில் இருந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "பதினஞ்சாம் வருச வெள்ளத்துல இது வரிக்கும் வந்துச்சு சார். அதான் அழிக்காம வுட்டுகீறேன். இதுக்கு மேல வச்ச ஜாமான் நனையாது."

கூட வந்த தரகர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தி அன்றே அட்வான்ஸ் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மனைவி அஞ்சலை பிடித்துக்கொண்டாள். "தண்ணி வரும்னு தெரிஞ்சே யாராவது வீடு வாங்குவாங்களா?"

"அந்தப் பதினோரு வீட்டுக்கும் இதே தண்ணிதான் வந்திருக்கும். எதுவரைக்கும்னு இந்தம்மா மட்டும்தான் சொன்னாங்க."

அஞ்சலை ஒரு வாரம் அதையே சொல்லிப் புலம்பினாள். புதுமனை புகுவிழாவுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தான். அரிசி டப்பாவுக்குப் பலகை அடிக்க உயரம் அளந்துகொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிக் கத்தினாள்.

"யோவ்! அந்தக் கோட்டு மேல பிரஷ் பட்டுது, அப்புறம் இருக்கு உனக்கு!"